விடுபட்ட ஃபிரேம்கள்: பூச்சியம்

இருபத்து மூன்றாவது நிமிடம், பதினாலாவது செக்கன்.
ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிற்கிறது.
படம் சதுரம் சதுரமாய் உடைந்து
மணவறை ஒரு பக்கம், ஐயர் இன்னொரு பக்கம்.
‘கருவி எதுவும் இணைக்கப்படவில்லை’
என்கிறது மென்பொருள்.
கருவி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
சிவப்பு லைட்டும் எரிகிறது.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
ஒரு முனையில் நாலு பின், மறுமுனையில் ஆறு.
யூனிட்டி பிளாசாவில் மூன்று மாடி ஏறி
“ஃபயர்வயரா? அதை இப்ப ஆரக்கா கேக்கினம்” என்ற பொடியனிடம்
தூசியோடு ஒன்று வாங்கினேன்.
தூசிக்கும் சேர்த்து விலை.

பிறகு ரயிலைச் சந்தேகித்தேன்.
வெள்ளவத்தையில் கடல் பக்கத்து அறை;
மாத்தறை வண்டி போனால்
பிளேன்ரீயில் வட்டம் விழும்,
வன்தட்டில் விழாதா?
வண்டி நேரமெல்லாம் சுவரில் எழுதி,
இரவு இரண்டு மணிக்கு, கடல் மட்டும் விழித்திருக்க,
மறுபடி ஓடவிட்டேன்.
அதே இருபத்து மூன்று. அதே பதினாலு.
ரயில்வே திணைக்களத்திடம்
மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வைரஸ் காவலனை உறங்கப்போட்டேன்.
திரைக்காப்பை நிறுத்தினேன்.
துடைக்கும் கசெட்டைப் பத்துச் செக்கன் ஓட்டினேன்,
அதற்கு மேல் ஓட்டினால் தலை தேயுமாம்.
என் தலையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை.

பிரபாலினி காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் எடுப்பாள்.
“சங்கிலி வந்திட்டுதா?”
படம் வந்ததா என்று கேட்டதே இல்லை.
ஏழு பவுண் பதக்கச் சங்கிலி.
மணவறையில் அவள் கழுத்தில் அதைப் போட்டது
அவளுடைய சித்தியா, கணவனின் மாமியா?
இருபது வருசமாய் இரண்டு வீடும்
இதைக் கேட்டே சாப்பிடாமல் எழும்புகின்றன.

கடைசியில், படம் பிடித்த குலேந்திரன்
டோஹாவிலிருந்து குரல் அனுப்பினான்,
பின்னால் ஏதோ கிரேன் சத்தம்:
“அது ஒருக்கா கதிரையால விழுந்தது, கொட்டாஞ்சேனையில.
தலை கொஞ்சம் சாய்ஞ்சிட்டுது.
அதில எடுத்தது அதிலதான் ஓடும்.
உங்கட நல்ல கமராவில ஓடாது.”

நல்ல கமரா. நாலு நாள் அதைத்தான்
திட்டிக்கொண்டிருந்தேன்.

தெஹிவளைச் சந்தி தாண்டி நிஸ்தாரின் போன் கடை.
விற்காத சார்ஜர்களுக்கு நடுவே, காட்சிப்பெட்டியில்,
ஒரு காது உடைந்து
அது இருந்தது.
“விக்க மனமில்ல. ஐடியை வச்சிட்டுக் கொண்டு போங்க.”
நூறாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
கொண்டக்டர் குழந்தையா என்பதுபோல் பார்த்தான்.

சுவிட்சை வீ.டி.ஆருக்குத் தள்ளினேன்.
கசெட்டை உள்ளே வாங்கிக்கொண்டு
இருமியது. முனகியது. ஓடியது.
பதின்மூன்று. பதினாலு.
பதினைந்து.
மணவறை முழுசாய் நின்றது.
ஒரு கை, சிவப்பு வெல்வெட் பெட்டி, மூடி திறக்கிறது,
குலேந்திரன் மெல்ல, மிக மெல்ல,
கமராவை இடப்பக்கம் திருப்புகிறான்.

மேசைக்கு அடியில் ஒரு பிள்ளை.
நாலு வயசிருக்கும். ஒரு கால் சப்பாத்து இல்லை.
வாய் நிறைய ஜெலி.
எங்களைப் பார்த்து மெல்லுகிறது,
பதினொரு செக்கன்.
கமரா திரும்பி வரும்போது
சங்கிலி கழுத்தில் கிடக்கிறது,
எல்லாரும் பின்வாங்கி நின்று சிரிக்கிறார்கள்.

மென்பொருள் பெட்டி திறந்து சொன்னது:
விடுபட்ட ஃபிரேம்கள், பூச்சியம்.

பிரபாலினி நேரில் வந்து பார்த்தாள்.
மறுபடி போடச் சொன்னாள்.
மூன்றாம் தரம் திரையில் விரலை வைத்தாள்.
“இந்தப் பிள்ளை ஆர்?”

ஒரு ஃபிரேமை வெட்டி
இரண்டு வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறாள்.
எங்கட இல்லை என்கிறார்களாம்,
இரண்டு பேரும்.
சித்தி கண்ணாடி மாற்றிப் பார்த்தாளாம்.
மாமி மண்டபக்காரனின் பிள்ளையாயிருக்கும் என்றாளாம்.

கமராவை நாளைக்குக் கொடுக்க வேணும்.
இன்னும் மூன்று கசெட் கிடக்கிறது,
என் ஐடி தெஹிவளையில் கிடக்கிறது.
கரண்ட் நின்றுவிடாதே என்று சொல்லிக்கொண்டு
அடுத்ததைத் தள்ளுகிறேன்.